வாட்டர்லூ படையை வாங்குவதா, வண்ணம் தீட்டுவதா?

கேள்வி: நெப்போலியனின் பிரெஞ்சுப் படை பிரிட்டன் கூட்டணியிடம் தோற்ற வாட்டர்லூ போரை 28 மில்லிமீட்டர் மினியேச்சர்களை (குட்டிப் பொம்மை வீரர்களை) கொண்டு மேசையில் ஆட ஆசை. இரு தரப்புக்கும் சேர்த்து 300 வீரர்களாவது வேண்டும். தூரிகை பிடித்துப் பழக்கமில்லை, நேரமும் குறைவு. வண்ணம் பூசியவற்றையே வாங்கிவிடலாமா?

பதில்: பாதியை வாங்குங்கள், பாதியை நீங்களே தீட்டுங்கள். எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வீரர்களை வரிசையாக நிறுத்தி, எல்லோருக்கும் ஒரு நிறத்தை முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போனால்கூட, புதியவருக்கு ஆளுக்கு 40 நிமிடம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பேருக்கு 200 மணி நேரம். வாரம் நான்கு மணி நேரம் என்றால் ஏறத்தாழ ஒரு வருடம். அதுவரை ஒரு ஆட்டமும் ஆடாமல் பொறுத்திருப்பவர்கள் அபூர்வம்.

நீங்கள் தீட்ட வேண்டியது பிரெஞ்சுக் காலாட்படை. 1815 ஜூன் 17 அன்று கொட்டிய மழையில் நனைந்தவர்கள் அவர்கள். மறுநாள் நடந்த போரில் பெரும்பாலோர் ஓவர்கோட்டுடனும் உறை போட்ட தொப்பியுடனும்தான் போரிட்டார்கள். கோட்டுகளோ சாம்பல், பழுப்பு எனப் பல சாயல்களில் இருந்தன. ஒருவர் கோட்டு இன்னொருவருடையதிலிருந்து மாறியிருந்தால் அது பிழையாகாது, உண்மைக்கு இன்னும் நெருக்கம். பிரைமர் எனும் வெளிர்நிற அடிப்பூச்சின்மேல் ஒரே பூச்சில் மடிப்புகளில் நிழல் விழச்செய்யும் கான்ட்ராஸ்ட் வகை பெயிண்டுகள் இதற்கு நன்றாகப் பொருந்தும்.

வாங்க வேண்டியவை, கண்ணைப் பிடுங்கும் வேலையுள்ள பிரிவுகள். கட்டம் போட்ட கில்ட் (பாவாடை போன்ற உடை) அணிந்த 42, 79, 92ஆம் ஹைலாண்டர் (ஸ்காட்லாந்து) ரெஜிமெண்டுகள், மார்பு முழுக்கப் பின்னல் வேலையுள்ள ஹுஸார் குதிரைவீரர்கள் ஆகியவற்றைப் பழகிய கைகளிடம் விட்டுவிடுங்கள். சொந்தமாகத் தீட்டாதவர் ஆட்டக்காரரே அல்ல என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் பிரிட்டன்ஸ் என்ற பொம்மை நிறுவனம் 1893 முதலே வண்ணம் பூசிய ஈய வீரர்களைப் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறது. எனவே முகம் சுளிப்பவர்கள் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

வாங்கும்போது "நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் படை" என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். தொப்பியைப் பாருங்கள். முன்புறம் உயர்ந்த, பெல்ஜிக் ஷாகோ என்ற தொப்பிதான் வாட்டர்லூவுக்குப் பொதுவாகப் பொருந்தும். நேரான உருளைத் தொப்பி பெரும்பாலும் அதற்கு முந்தைய ஸ்பெயின் போர்களுக்கு உரியது; 28ஆம் ரெஜிமெண்ட், 95ஆம் ரைபிள் படை போன்ற சில பிரிவுகளே விதிவிலக்கு. அடுத்து கழுத்துப்பட்டியும் கைமடிப்பும். ஒரே பிரிகேடில் நின்றாலும் 33ஆவது ரெஜிமெண்டுக்கு அவை சிவப்பு, 69ஆவதுக்குப் பச்சை. கொடி ஒரு ரெஜிமெண்டுடையது, கைமடிப்பு இன்னொன்றுடையது என்று கலந்து வருவது, கைமாறி வரும் பழைய மினியேச்சர் படைகளில் சகஜம்.

ஆர்டர் எடுத்துத் தீட்டித் தருபவர்களும் உண்டு. இலங்கையிலேயே இந்தத் தொழில் நடக்கிறது. ஒரு மாதிரி வீரரின் முன்புறப் படத்தோடு முதுகுப்புறப் படத்தையும் கேளுங்கள், பைகளும் வார்களும் அங்கேதான் இருக்கின்றன. பின்னால் படையைப் பெருக்க நினைத்தால் அதே கை கிடைக்காமல் போகலாம் என்பதால் சிலரை உபரியாகச் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் கைக்கு வந்ததும், வாங்கியவை, தீட்டியவை இரண்டுக்கும் ஒரே மண், ஒரே புல், ஒரே விளிம்பு நிறத்தில் அடித்தட்டு அமையுங்கள். மூன்றடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே படையாகத் தெரியும். கடைசியில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே. ஈரக்காற்று வீசும் நாளில் அடித்தால் வெள்ளை படர்ந்துவிடும். வெயில் காய்கிற நாளாகப் பார்த்து அடியுங்கள்.