பந்தை விடும் கை

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கால்பந்தை ஆறு வருஷமாக விடாமல் பார்க்கிறேன். புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் என் அணி எடுத்த வைட் ரிசீவர், அதாவது எறிகிற பந்தை ஓடிப் பிடிக்கிறவர், இரண்டாவது சீசனிலும் தடுமாறுகிறார். போன ஞாயிறு கைக்கு வந்த இரண்டு பந்துகளைக் கோட்டை விட்டார். அவரைத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட வேண்டும் என்கிறேன். என் மனைவி, "சின்னப் பையன், இன்னும் கொஞ்சம் டைம் கொடுக்கலாமே" என்கிறாள். நீங்கள் யார் பக்கம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி பக்கம்தான். ஆனால் டைம் மட்டும் கொடுத்தால் போதாது. அவரை எங்கே நிறுத்துகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். நெல்சன் அகோலர் என்கிற ரிசீவரை மனசில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

2015இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி அவரை முதல் சுற்றில் 20ஆவது ஆளாக எடுத்தது. இரண்டு சீசன் சேர்த்து 59 கேட்ச், 3 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி). ரொம்பக் குறைவு. 2016 நவம்பர் 20, சியாட்டிலில் ஆட்டம். ஈகிள்ஸின் சாக் எர்ட்ஸ் பந்தைப் பிடித்து 57 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். ஆனால் விதிமீறல் என்று நடுவரின் மஞ்சள் கொடி விழுந்தது. பந்து கிளம்பும்போது, பந்து வைத்திருக்கும் இடத்துக் கோட்டில் ஏழு பேர் நிற்க வேண்டும். அகோலர் சற்றுப் பின்னால் நின்றுவிட்டார். வழக்கமாக ரிசீவர் ஓரத்து நடுவரைப் பார்த்துக் கை காட்டுவார், நடுவர் தலையசைப்பார், அப்புறம்தான் காலை ஊன்றி நிற்பார். பள்ளிக்கூடப் பையன்களுக்கே பழகிப்போன காரியம் அது. அந்த டச்டவுன் போனது. அதே ஆட்டத்தில் கைக்கு வந்த பந்து ஒன்றையும் விட்டார். ஈகிள்ஸ் 26-15 என்று தோற்றது. அன்று நிருபர்களிடம், தான் அளவுக்கு மீறி யோசிப்பதாகவும் தன்னைத்தானே நெருக்கிக்கொள்வதாகவும் மறைக்காமல் சொன்னார். படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது.

கோச் டக் பீடர்சன் அடுத்த ஆட்டத்தில் அவரை உட்கார வைத்தார். 2017 மார்ச்சில் அல்ஷான் ஜெஃப்ரியும் டாரி ஸ்மித்தும் வந்தார்கள். நீங்கள் கேட்கிற மாற்று ஆட்கள் இவர்கள்தான். ஆனாலும் அகோலரை விடவில்லை. ஆகஸ்டில், ஸ்லாட்டில், அதாவது ஓரத்து ரிசீவருக்கு உள்பக்கம் தள்ளியிருக்கும் இடத்தில், ஆடிக்கொண்டிருந்த ஜோர்டன் மாத்யூஸை பஃபலோ அணிக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தை இவருக்குத் தந்தார்கள்.

ஓரத்தில் நிற்கும் ரிசீவருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு, எதிரே மூக்கை உரசுகிற மாதிரி கார்னர்பேக், அவரைத் தடுக்க நிற்கும் எதிரணி ஆள். முதல் அடி வைக்கும்போதே நெஞ்சில் கை விழும். ஸ்லாட்டில் நிற்பவர் உள்ளே, கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் நிற்கிறார். அவரைக் கிளம்பும்போதே மடக்குவது கஷ்டம். இடது வலது இரண்டு பக்கமும் ஓட வழி உண்டு. அகோலரின் பலமே அந்த வேகமான முதல் நாலு அடிதான். அந்த சீசனில் 62 கேட்ச், 768 யார்டு, 8 டச்டவுன். 2018 பிப்ரவரி 4, சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் 9 கேட்ச். ஈகிள்ஸ் பின்தங்கியிருந்த கடைசி நேரத்தில் அடுத்தடுத்து பந்தைப் பிடித்து அணியை முன்னே நகர்த்தினார். அங்கிருந்து டச்டவுன் போட்டு முன்னிலை வாங்கித் தந்தவர் அதே எர்ட்ஸ். 41-33 என்று ஈகிள்ஸ் ஜெயித்தது. அந்தக் கடைசி நிமிடங்களை இன்னும் போட்டுப் பார்க்கிறேன்.

அப்புறம் எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். 2019இல் பந்து மறுபடி நழுவியது, அந்த சீசனோடு ஈகிள்ஸை விட்டுப் போனார். அடுத்த வருஷம் ரெய்டர்ஸ் அணியில் 8 டச்டவுன்.

டேவன்டே ஆடம்ஸ் என்கிற ரிசீவரும் கிரீன் பே அணியில் 2015இல் இப்படித்தான் திட்டு வாங்கினார். அந்த வருஷம் கணுக்கால் அடியோடு ஆடி ஒரே ஒரு டச்டவுன். 2020இல் 18.

உங்கள் ஆள் விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிறு பந்தைப் பார்க்காதீர்கள், அவர் காலைப் பாருங்கள். கார்னர்பேக்கை விட்டு விலகி, ஆளில்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பந்தை விடுகிறாரா? அப்படியானால் வைத்துக்கொள்ளலாம், கையைச் சரிசெய்ய வழி உண்டு. மூன்றாவது சீசனிலும் எதிராளியை விட்டு விலகவே முடியவில்லை, எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதே கதை என்றால், நானும் உங்களோடு சேர்ந்து மாற்றச் சொல்வேன். பார்த்துவிட்டு எழுதுங்கள். அவரை ஸ்லாட்டில் எத்தனை தடவை நிறுத்துகிறார்கள் என்பதையும் எண்ணி எழுதுங்கள்.