மஞ்சள் வரியும் சிவப்பு வரியும்

சீனாவின் லோயஸ் பீடபூமி பற்றி, அதன் படத்தைப் பார்த்து வந்த கேள்விகளும் என் பதில்களும். காற்று கொண்டுவந்து குவித்த நுண்புழுதிக்குத்தான் லோயஸ் என்று பெயர்.

காற்றில் வந்த புழுதி மலையளவு குவியுமா? நம்ப முடியவில்லையே.

குவிந்திருக்கிறது. வடமேற்குப் பாலைகளிலிருந்து குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வீசும் காற்று சுமார் 26 லட்சம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய புழுதி அது. அந்தப் பீடபூமியிலுள்ள லூச்சுவான் பக்கம் 130 மீட்டருக்கும் மேல் கனம். விரலிடையில் தேய்த்தால் மாவு மாதிரி இருக்கும். ஆனால் செங்குத்தாக வெட்டினாலும் சரியாமல் நிற்கும். அதனால்தான் மக்கள் அதைக் குடைந்து வீடாக்கிக் குடியிருந்தார்கள். 1556 நிலநடுக்கத்தில் அந்த வீடுகள் இடிந்து புதைந்ததில் கணக்கற்ற உயிர்கள் போயின.

அக்கா, படத்தில் மஞ்சளும் சிவப்பும் வரிவரியாகத் தெரிகிறதே. சிவப்புப் புழுதி வேறு ஊரிலிருந்து வந்ததா?

இல்லை தம்பி, பலரும் தடுமாறுவது இங்கேதான். இரண்டும் ஒரே புழுதி. பனியுகங்களில் காற்று ஓங்கியது, மழை சுருங்கியது. புழுதி விழுந்த நிறத்திலேயே மஞ்சளாகத் தங்கிவிட்டது. இரண்டு பனியுகங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கோடைமழை வலுத்தது, புழுதி வரத்து குறைந்தது. விழுந்த கொஞ்சத்திலும் புல் முளைத்து வேரோடியது, புழு துளைத்தது, இரும்பு துருவேறிச் சிவந்தது. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்கியது. சிவப்பு வரிக்கு அடியில் சுக்கான்கல் உருண்டைகள், அதாவது இறுகிய சுண்ணாம்புக் கட்டிகள், கிடப்பது அதனால்தான். அந்தச் சிவப்பு வரிதான் தொல்மண். லூச்சுவானில் இப்படி 30க்கு மேல் எண்ணலாம். ஒவ்வொன்றும் மழை நன்றாகப் பெய்த ஒரு காலம்.

கார்பன் வைத்து வயது சொல்கிறார்களா?

கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் எட்டாது. இங்கே கைகொடுத்தது காந்தம். பூமியின் காந்தத் திசை அவ்வப்போது தலைகீழாகும். கடைசியாக முழுதாகப் புரண்டது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். புழுதியிலுள்ள இரும்புத் துகள்கள் அந்தந்தக் காலத்துத் திசையைக் காட்டியபடி உறைந்திருக்கின்றன. ஆய்வாளர்கள் ஹெல்லரும் லியூ துங்ஷெங்கும் லூச்சுவானில் அதை அளந்து 1982இல் வெளியிட்ட பிறகுதான் அடுக்குகளின் வயது உறுதிப்பட்டது.

எங்கள் தூத்துக்குடித் தேரிக்காடும் இதே கதையா?

காற்று குவித்தது என்பது வரைக்கும் ஆமாம். ஆனால் அங்குள்ள குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேட்டில் இருப்பது மணல். லோயஸ் அதைவிட நுண்ணியது. தேரிக்குச் சிவப்பு தருவது ஒவ்வொரு பரல் மேலும் படிந்த ஹேமடைட் என்ற சிவப்பு இரும்புக் கனிமப் பூச்சு. தேரிகளில் கிடைத்த ஆதிமனிதரின் சிறுகல் கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் 1956இலேயே எழுதினார்கள். அங்கே மணல் அள்ளுவதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அள்ளிக் கலைத்த மேட்டில் கருவி கிடைத்தாலும், அது எந்த அடுக்கில் கிடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.