பழைய ஆபீஸ் கணினியை வாங்கி மகளோடு மேம்படுத்தலாமா? ‘ஐ7’ என்ற எழுத்தை நம்பி வாங்காதீர்கள்

செங்காங்கில் இருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார்: “மகள் தொடக்கநிலை 5. ஸ்க்ராட்ச் நிரலாக்கம் செய்கிறாள், ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட் விளையாடுகிறாள். ஜூன் விடுமுறையில் இருவரும் சேர்ந்து ஒரு கணினியை உருவாக்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கையில் 500 வெள்ளி. கெரோசல் விற்பனைத் தளத்தில் பழைய ஆபீஸ் கணினி ஒன்று, ‘கோர் ஐ7, 16 ஜிபி, விண்டோஸ் 11 புரோ’, 220 வெள்ளி. அதில் கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினால் போதுமா? கடையில் கேட்டால், அதெல்லாம் குப்பை, 1,100 வெள்ளிக்குப் புதிதாகச் செய்து தருகிறேன் என்கிறார்கள்.”

உங்கள் திட்டம் சரிதான். இந்த வயதுப் பிள்ளைக்கு இந்தப் பணத்தில் இதைவிட நல்ல வழி இல்லை, 1,100 வெள்ளிப் பெட்டி இப்போது தேவையே இல்லை. ஆனால் அந்த 220 வெள்ளி விளம்பரத்துக்கு இன்னும் பணம் அனுப்பாதீர்கள்.

‘ஐ7’ என்பது இன்டெல் பிராசசரின், அதாவது கணினியின் மூளையான சில்லின் பெயர். அதை மட்டும் சொன்னால் ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். 2008ல் வந்ததும் ஐ7தான், போன வருடம் கடையில் இருந்ததும் ஐ7தான். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-6700 என்றால் 6ஆம் தலைமுறை, 2015ல் வந்தது, 4 கோர் (சில்லுக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் பகுதிகள்). ஐ5-8500 என்றால் 8ஆம் தலைமுறை, 2018ல் வந்தது, 6 கோர். பெயரில் சின்னதாகத் தெரிகிற அந்த ஐ5தான் உங்களுக்கு வேண்டியது.

ஏன் 8ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், இன்டெல் சில்லுகளில் 8ஆம் தலைமுறையில் இருந்துதான் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் அலுவலகங்கள் 6ஆம், 7ஆம் தலைமுறை இயந்திரங்களைக் கழித்துக் கட்டுகின்றன, இடைத்தரகர்கள் அவற்றை மொத்தமாக அள்ளி, கணினி தகுதியானதா என்று பார்க்கும் சோதனையைத் தாண்டுகிற குறுக்குவழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றி, பெரிய எழுத்தில் விளம்பரம் போடுகிறார்கள். இன்றைக்கு ஓடும். அப்படி ஏற்றிய கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பிள்ளை தினமும் இணையத்தில் உட்காரும் இயந்திரம் அது. தலைமுறை எண்ணே இல்லாத விளம்பரங்களை இந்தத் தளங்கள் ஏன் இன்னும் அனுமதிக்கின்றன என்று எனக்குப் புரியவில்லை. காரை ஆண்டு சொல்லாமல் விற்க விடுவார்களா?

விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள். ஒன்று, செட்டிங்ஸில் ‘அபௌட்’ பக்கம், பிராசசரின் முழுப் பெயர் தெரிகிற மாதிரி. இன்னொன்று, மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் பவர் சப்ளையின் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஸ்டிக்கர். அனுப்ப மறுத்தால் அடுத்த ஆளைப் பாருங்கள், இந்தப் பொருளுக்குச் சிங்கப்பூரில் பஞ்சமே இல்லை. எம்ஆர்டி நிலையத்தில் சந்திக்கலாம் என்பவரிடமும் வாங்காதீர்கள். கேட் பக்கத்தில் எந்த பிளக்கில் போட்டுப் பார்ப்பீர்கள்?

அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு, விளையாட்டின் காட்சிகளைத் திரைக்கு வரைந்து தரும் பலகை. முதல் மாதம் அதை வாங்கவே வேண்டாம். 8ஆம் தலைமுறை சில்லோடு சேர்ந்தே வரும் யுஎச்டி 630 கிராஃபிக்ஸிலேயே ரோப்லாக்ஸ் ஓடும், மைன்கிராஃப்ட்டும் செட்டிங்கைக் கொஞ்சம் குறைத்தால் ஓடும். முதலில் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான். ராம் (தற்காலிக நினைவகம்) 16 ஜிபி இருந்தால் தொடாதீர்கள், 2025 கடைசியில் இருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது, ஏஐ தரவு மையங்கள் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்கின்றன.

ஒரு மாதம் கழித்தும் மகளுக்குப் போதவில்லை என்றால் சரி, கார்டு வாங்கலாம். அங்கேதான் பவர் சப்ளை குறுக்கே வரும். சின்னப் பெட்டி ஆபீஸ் கணினிகளில் அது 200 வாட் அளவில்தான் இருக்கும், கார்டுக்கென்று தனி வயரும் இருக்காது. கார்டு பொருத்தும் ஸ்லாட்டில் இருந்து 75 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. ஆகவே தனி வயர் கேட்காத, உயரம் குறைந்த கார்டுதான் சரிப்படும்: ஜிடிஎக்ஸ் 1650ன் குட்டை வகை, அல்லது 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050, அதிலும் 6 ஜிபி மட்டும், 8 ஜிபி வகை அதிக மின்சாரம் கேட்கும். ஆர்எக்ஸ் 6400 மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், உங்கள் மாதிரிப் பழைய மதர்போர்டில் (எல்லா உறுப்புகளும் மாட்டும் முதன்மைப் பலகை) அதன் வேகம் குறைந்துவிடும்.

பவர் சப்ளையையே மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொல்வார். டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் கணினிகளில் பல மாடல்களுக்கு அவர்களுடைய சொந்த இணைப்பிதான், கடையில் வாங்கும் சாதாரண பவர் சப்ளை நேராகப் பொருந்தாது. பயன்படுத்திய பவர் சப்ளையை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். பழைய மலிவு வகைகளில் பின்பக்கம் சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும், 115, 230 என்று. அது 115ல் இருக்கும்போது நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகினால் வெடிக்கும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம்.

கார்டு சந்தையில் இன்னொரு கண்ணி. ‘கேமிங் பிசி’ என்று வண்ண விளக்கு ஃபேன் போட்டு விற்கும் பெட்டிகளில் பல, உள்ளே பார்த்தால் அதே பழைய ஆபீஸ் போர்டும் ஆர்எக்ஸ் 580 என்ற பழைய கார்டும்தான். அந்த 580ல் 2048எஸ்பி என்று ஒரு வகை உண்டு, பெயர்தான் 580, சரக்கு அதைவிட மெதுவான 570. பழைய ஜிடிஎஸ் 450 கார்டின் பயாஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பதும் நடக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் போலிக் கார்டுகளை அது காட்டிக்கொடுக்கும். காசு கொடுப்பதற்கு முன்னால், விற்பவர் வீட்டிலேயே ஓட்டுங்கள்.

ஏமாந்தால், கோளாறான பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, 2012 செப்டம்பர் 1 முதல். பழைய பொருளுக்கும் செல்லும். வாங்கிய 6 மாதத்துக்குள் கோளாறு வந்தால் அது விற்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. ஆனால் வியாபாரமாக விற்பவருக்குத்தான் இது பொருந்தும். பக்கத்து பிளாக்கில் ஒருவர் தன் மகனின் கணினியை விற்கிறார் என்றால் பொருந்தாது. அதே தளத்தில் ஒரே ஆள் நாற்பது கணினிகளை வரிசையாகப் போட்டிருக்கிறார், மாதாமாதம் விற்கிறார் என்றால், கடை இல்லாவிட்டாலும் அது வியாபாரம்தான் என்று நீங்கள் வாதாடலாம். அதனால் அவருடைய மற்ற விளம்பரங்களை வாங்குவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பேச்சையும் அந்தத் தளத்தின் அரட்டையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பணத்தைக் கையில் கொடுக்காமல் பேநவ்வில், வங்கி வழியாக அனுப்புங்கள். பிரச்சினை வந்த பிறகு தேடினால் விளம்பரம் காணாமல் போயிருக்கும்.

இவ்வளவும் இருந்தாலும், நடுவர் மன்றத்துக்குப் போவது யார்? சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் கட்டணம் குறைவுதான், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் 90 வெள்ளிக் கார்டுக்காக விடுப்பு எடுத்து, படிவம் நிரப்பி, தேதிக்குக் காத்திருந்து போய் நிற்க எத்தனை பேருக்கு முடியும்? விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சின்னத் தொகையில் ஏமாற்றுபவர் தப்பித்துக்கொள்கிறபடிதான் இந்த ஏற்பாடு இருக்கிறது, வருடக் கணக்காக இப்படியே ஓடுகிறது. ஆகவே வாங்கியதும் மூடியைத் திறக்காமல் இரண்டு வாரம் அப்படியே ஓட்டுங்கள். திறந்த பிறகு கோளாறு வந்தால், நீதான் கெடுத்தாய் என்று சொல்லிவிடுவார்கள்.

மகளுக்கு என்ன வேலை என்றால், கிட்டத்தட்ட எல்லாமே. சுவரில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள், மிச்ச மின்சாரம் போய்விடும். உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டுத் தொடங்கட்டும். வயர் கழற்றும் முன் படம் எடுப்பது, தூசி துடைப்பது (சாம்பிராணி போடும் வீடென்றால் ஃபேனில் பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும்), எஸ்எஸ்டி மாட்டுவது, ராமைக் கழற்றி மாட்டுவது எல்லாம் அவளே செய்யட்டும். பிள்ளைகள் ராமைப் பயந்து பயந்து அழுத்துவார்கள், பாதிதான் உட்காரும், திரை வராது. ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை அழுத்தச் சொல்லுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது, நீங்களும்தான். போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றினால், தம்பி தங்கை கைக்கு எட்டாத இடத்தில் உடனே வையுங்கள், விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.

பல ஆபீஸ் கணினிகளில் வைஃபை இருக்காது, திரையை இணைக்க எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்பிளேபோர்ட் மட்டும்தான். இரண்டையும் முன்கூட்டியே கேட்டு, அதற்கு ஒரு 40 வெள்ளி ஒதுக்கி வையுங்கள்.

விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று கடையில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த ஆபீஸ் கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து இலவசமாக இறக்கி 8 ஜிபி யுஎஸ்பியில் ஏற்றினால் போதும், இணையத்தில் இணைந்ததும் தானே செயல்படும். விற்றவர் போட்டுவைத்ததை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள், அந்த வேலையையும் மகளிடமே கொடுங்கள்.