பையன் வர மறுத்தால் சிகிச்சையை எங்கே தொடங்குவது?

கேள்வி: என் மகனுக்கு வயது 16, நான்காம் படிவம் படிக்கிறான். மார்ச் மாதம் அவன் புத்தகப்பையில் மின்சிகரெட் இருந்ததைக் கண்ட அவன் அப்பா, அதை உடைத்தெறிந்து அவனையும் அடித்தார். சென்ற வாரம், கெத்தும் என்னும் போதை இலையின் நீரில் இருமல் மருந்து கலந்த போத்தல் ஒன்றை அவன் அலமாரியில் பார்த்தேன். ஆலோசகரிடம் போகலாம் என்றால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். ஏதாவது ஒரு மறுவாழ்வு இல்லத்தில் ஆறு மாதம் விட்டால் திருந்திவிடுவான் என்கிறார் என் கொழுந்தனார். நான் என்ன செய்வது?
— ஒரு தாய், பட்டர்வொர்த், மலேசியா

பதில்: அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கெத்தும் நீரோடு இருமல் மருந்து சேர்ந்தால் மயக்கம் கூடும், மூச்சும் தளரலாம். தட்டியும் அவன் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு உடனே 999-ஐ அழையுங்கள். என்ன குடித்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடுமே என்று அந்த நேரத்தில் தயங்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவனாக மனம் மாறி வந்தால்தான் சிகிச்சை தொடங்க முடியும் என்று எண்ணியே பல வீடுகளில் மாதங்கள் வீணாகின்றன. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய 'கிராஃப்ட்' என்னும் முறையில், ஆலோசகர் முன் முதலில் அமர்வது வீட்டார்தான். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், குடிக்குச் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்து வந்தவர்களில் 64 விழுக்காட்டினர் இம்முறையால் சிகிச்சைக்கு வந்தனர்; குடும்பமே ஒன்றுகூடி அவரை நேருக்கு நேர் வற்புறுத்தும் முறையில் வந்தவர்கள் 30 விழுக்காட்டினர் மட்டுமே. அது பெரியவர்களிடம் நடந்த ஆய்வு என்றாலும், வர மறுக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடமும் பின்னர் இதே வழி சோதிக்கப்பட்டுப் பயன் தந்திருக்கிறது.

அதில் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். ஒரு குறிப்பேட்டில் இரண்டு வாரத்துக்கு எழுதி வாருங்கள்: எந்த நாளில், யாரோடு போய்விட்டு வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது, எந்த நாளில் தெளிவாக இருந்தான். தெளிவாக வந்த மாலையில் சூடாக நான்கு தோசை வார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, பந்து விளையாட்டைப் பற்றியோ அவனுக்குப் பிடித்த வேறெதைப் பற்றியோ பேசுங்கள். அன்று போத்தலைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். தடுமாறி வந்த நாளில் சண்டையும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். "இப்போது பேச முடியாது, நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு ஆபத்தில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு விலகியிருங்கள். தாமதமாக எழுந்து பள்ளி வேனைத் தவறவிட்டால், பொய்க் காரணம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

பேச்சையும் பழக வேண்டும். என்னிடம் வந்த ஒரு தாய் எப்போதும் "ஏன்டா எங்கள் மானத்தை வாங்குகிறாய்?" என்றுதான் தொடங்குவார், பையன் எழுந்து போய்விடுவான். "நேற்று நீ சாப்பிடாமல் படுத்தாய், இரவு மூன்று முறை வந்து உன் மூச்சைப் பார்த்தேன், எனக்குப் பயமாக இருந்தது" என்று சொல்வதற்கு நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்தோம். அன்றிரவு அந்தப் பையன் எழுந்து போகவில்லை. உங்கள் கணவர் அடித்ததும் பயத்தால்தான் என்பதை நான் அறிவேன். அந்தப் பயத்தை அவர் வாயால் சொன்னால் மகன் கேட்பான்.

உங்கள் கொழுந்தனாரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இப்போதைக்கு இல்லம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சிக்கலில் இருக்கும் இளையோரை ஒரே குழுவாகச் சேர்த்து வைத்தபோது சிலருடைய நடத்தை மேலும் கெட்டதை, ஆய்வாளர் தாமஸ் டிஷியன் முதலானோர் 1999-இலேயே எடுத்துக் காட்டினார்கள். மாறாக, ஹோவர்ட் லிடில் வகுத்த பல்பரிமாணக் குடும்ப சிகிச்சை போல, பிள்ளையையும் பெற்றோரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் சந்திக்கும் முறைகள் பல ஆய்வுகளில் நல்ல பலன் தந்துள்ளன. கஞ்சா பயன்படுத்திய 600 பிள்ளைகளிடம் நடத்தி 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஐந்தே அமர்வுகள் கொண்ட சிகிச்சைகூட நீண்ட சிகிச்சைகளுக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. ஆறு மாதம் பிள்ளையைப் பிரிந்திருப்பதற்கு முன் அந்த ஐந்து அமர்வுகளை முயன்று பார்க்கலாம் அல்லவா?

பள்ளி ஆலோசக ஆசிரியர், அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக், 'மெந்தாரி' சமூக மனநல மையம் ஆகிய மூன்றில் எதிலும் தொடங்கலாம். மனச்சோர்வோ கவனக்குறைவுக் கோளாறோ உடன் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். முதல் சந்திப்புக்கு நீங்கள் மட்டும் போனால் போதும்.

கேள்வி: 17 வயதுத் தம்பி மூன்று வாரம் மின்சிகரெட்டை விட்டிருந்து மறுபடி தொட்டுவிட்டான். "எனக்கு அப்போதே தெரியும்" என்று கையில் சிகரெட்டோடு சொல்கிறார் அப்பா. எல்லாம் வீண்தானா?
— ஓர் அக்காள், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இல்லை, மகளே. நிக்கோட்டினை விட்ட முதல் சில நாள்களில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். உங்கள் தம்பி அதைத் தாண்டி மூன்று வாரம் நின்றிருக்கிறான். மறுபடி தொட்ட அன்று எங்கே இருந்தான், யார் நீட்டினார்கள், அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது என்று குற்றம் சாட்டாமல் கேளுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் என்ன சொல்லி மறுப்பது என்பதை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மின்சிகரெட் விற்பது குற்றம். எனவே விற்ற கடையைப் பற்றிச் சுகாதார அமைச்சிடம் புகார் செய்யலாம்.

புகைப்பதை விட உதவும், சுகாதார அமைச்சின் 'எம்குவிட்' சேவை உங்கள் தம்பிக்கு உண்டு, அப்பாவுக்கும் உண்டு. இருவருக்கும் ஒரே நாளில் பதிவு செய்து, கிளினிக்குக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.