பிஎச் 5 தொங்கு விளக்கு: அசல், நகல், பழையது, பல்பு

கேள்வி: பிஎச் 5 என்ற டேனிஷ் தொங்கு விளக்கை வாங்க ஆசை. பார்த்தால் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கியது போலத்தான் இருக்கிறது. இதற்கு ஏன் இவ்வளவு விலை? 5 என்பது வாட்டா?

பதில்: வாட் இல்லை. பெரிய ஷேடின் விட்டம் 50 செ.மீ., அதாவது 5 டெசிமீட்டர். அதிலிருந்து வந்ததுதான் இந்த 5. பிஎச் என்பது இதை 1958இல் வடிவமைத்த பவுல் ஹென்னிங்சனைக் குறிக்கிறது. தயாரிப்பது லூயி பௌல்சன் நிறுவனம். 1874இல் கோபன்ஹேகனில் ஒயின் இறக்குமதி செய்யத் தொடங்கி, பிறகு மின்சாமான்களுக்கு மாறிய கம்பெனி. ஹென்னிங்சனின் விளக்குகளை 1920களிலிருந்தே செய்துவருகிறது.

பல்பு கம்பெனிகள் வடிவத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டே இருந்ததில் ஹென்னிங்சனுக்கு எரிச்சல். எந்த பல்பைப் போட்டாலும் அது கண்ணில் படக்கூடாது என்று ஷேடுகளின் வளைவையும் இடைவெளியையும் கணக்கிட்டார். வெளிச்சம் நேராக வராது, மேட் வெள்ளை பூசிய பரப்பில் பட்டுத்தான் வெளியே வரும். உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பு, நீலப் பாகங்களும் அழகுக்காக வைத்தவை அல்ல. நம் கண்ணுக்கு மஞ்சள்-பச்சை ஒளி தூக்கலாகவும், சிவப்பும் நீலமும் மங்கலாகவும் தெரியும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அவை. விலையில் ஒரு பங்கு பெயருக்குப் போகிறது என்பதும் உண்மைதான். மீதி, அந்த அலுமினிய ஷேடுகள் சரியான வளைவில், சரியான இடத்தில் நிற்பதற்கு.

கேள்வி: அப்படியே இருக்கும் நகல் ஆன்லைனில் மிக மலிவாகக் கிடைக்கிறது. ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் படைப்பாளி இறந்து 70 ஆண்டுகள் வரை படைப்புக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டு. ஹென்னிங்சன் இறந்தது 1967இல். அதனால் 2037 முடியும்வரை அங்கே நகல் சட்டப்படி செல்லாது. வெளியிலிருந்து வரும் பார்சலைச் சுங்கத்துறை நிறுத்திவிடலாம். சொந்த உபயோகத்துக்குத்தான் என்று சொல்லியும் பயனில்லை. பிரிட்டனிலும் நகல் விற்க இடம்கொடுத்த சட்ட ஓட்டையை 2016இல் அடைத்துவிட்டார்கள்.

சட்டத்தை விடுங்கள், வெளிச்சத்தைப் பாருங்கள். நகல்களில் இரண்டு இடங்களில் கோளாறு வரும். உட்புறத்தில் பளபளப்பான பெயின்ட் அடித்திருந்தால், பல்பின் பிம்பம் அதில் தெரிந்து கண் கூசும். ஷேடுகளைத் தாங்கும் கம்பிகள் மெல்லியவையாக இருந்தால் ஒரு ஷேடு சாய்ந்து, மேசையின் ஒரு பக்கத்தில் உட்காருபவருக்கு மட்டும் பல்பு நேராகத் தெரியும். மேட் பூச்சும் நேராக நிற்கும் ஷேடுகளும் இல்லையென்றால் பிஎச் 5 வாங்குவதில் அர்த்தமே இல்லை. அதே பணத்துக்கு ஒரு நல்ல சாதாரண விளக்கு வாங்குங்கள்.

கேள்வி: டென்மார்க்கிலிருந்து வரும் உறவினர் செகண்ட்ஹேண்ட் பிஎச் 5 ஒன்றைக் கொண்டுவருகிறார். சென்னை வீட்டில் மாட்டலாமா? வாங்கும் முன் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்?

பதில்: மாட்டலாம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்காவில் விற்கும் 120 வோல்ட் மாடலை மட்டும் தொடாதீர்கள்.

வாங்கும் முன் மூன்று படம் கேட்கச் சொல்லுங்கள்: கீழிருந்து உட்புறம், பக்கவாட்டில் கண் மட்டத்தில், மேலே கம்பெனி லேபிள். பக்கவாட்டுப் படத்தில் ஷேடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மெல்லிய அலுமினியத்தில் விழுந்த நெளிவை எடுக்கப்போனால் பெயின்ட் வெடிக்கும். "புதிதாகப் பெயின்ட் அடித்தது" என்றால் அதற்காக விலை கூட்டிக் கொடுக்காதீர்கள், குறைத்துக் கேளுங்கள்.

பல பத்தாண்டு பழைய விளக்கு என்றால் வயரையும் ஹோல்டரையும் கட்டாயம் மாற்றிவிடுங்கள். சூட்டில் வெந்த வயரின் மேலுறை விறைத்து, வளைத்தால் உதிரும். ஷேடு முழுக்க உலோகம் என்பதால், பழைய இரண்டு கம்பி வயர் இருந்தால் எர்த்தோடு சேர்ந்த மூன்று கம்பி வயர் போட்டு, எர்த்தை விளக்கின் உலோக உடம்பில் இணைக்கச் சொல்லுங்கள்.

வயர் நிறம்தான் பெரிய கண்ணி. ஐரோப்பிய வயரில் பிரவுன் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். நம் வீடுகளில் பெரும்பாலும் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். த்ரீ பேஸ் இணைப்புள்ள வீட்டில் நீலமே ஒரு பேஸ்! நிறத்தை நம்பி நீலத்தோடு நீலத்தை முறுக்கிவிடாமல், டெஸ்டர் வைத்துப் பார்த்து இணைக்க வேண்டும். பேஸ் வயர் ஹோல்டரின் அடிப்புள்ளிக்கும், நியூட்ரல் திருகு மரைக்கும் போக வேண்டும். மாறிப்போனால் விளக்கு எரியும், ஆனால் பல்பு மாற்றும்போது மரையில் கைபட்டால் ஷாக் அடிக்கும்.

கேள்வி: என்ன பல்பு போடுவது? 9 வாட் எல்இடி போட்டேன். மேசையில் வெளிச்சம், மேலே இருட்டு.

பதில்: ஹோல்டர் இ27, அதாவது திருகு வகை. நம் ஊர்க் கடைகளில் சொல்லாமல் கேட்டால் பின் வகையைத்தான் கொடுப்பார்கள், கவனம். உங்கள் பிரச்சினைக்குக் காரணம் பல்பின் உருவம். வழக்கமான எல்இடி பல்பில் கீழ்ப்பாதி வெள்ளைப் பிளாஸ்டிக், ஒளி முன்பக்கம் மட்டுமே போகும். பிஎச் 5இல் பல்பு தலைகீழாகத் தொங்குவதால் மேல் ஷேடுகளுக்கு வெளிச்சமே போய்ச் சேராது. பால் கண்ணாடி போட்ட ஃபிலமென்ட் எல்இடி வாங்குங்கள், எல்லாப் பக்கமும் ஒளி தரும். தெளிந்த கண்ணாடி ஃபிலமென்ட் வேண்டாம், ஷேடுகளில் கோடுகோடாக நிழல் விழும். ஒளியின் நிறம் 2700 கெல்வின் (இதமான மஞ்சள் சாயல்), ஒளியின் அளவு 1000 லூமெனுக்குக் குறையாமல். இது பழைய 75 வாட் குண்டு பல்புக்குச் சமம். ஷேடுகளே கொஞ்சம் ஒளியைக் குடித்துவிடும் என்பதால், 60 வாட்டுக்குச் சமமான 806 லூமென் சாப்பாட்டு மேசைக்குப் போதாது.

கேள்வி: எவ்வளவு உயரத்தில் தொங்கவிட வேண்டும்?

பதில்: மேசைப் பரப்பிலிருந்து விளக்கின் அடிவிளிம்பு சுமார் 60 செ.மீ. கூரை 10 அடி (305 செ.மீ.), மேசை 75, விளக்கின் உயரம் சுமார் 27 என்றால், 305 − 75 − 60 − 27 = 143 செ.மீ. வயர் தெரிய வேண்டும். உபரியை வெட்டும் முன் ஒரு வாரம் அப்படியே சுருட்டிக் கட்டி வைத்துப் பாருங்கள்.

நம் வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே ஃபேன் இருக்கும். விளக்கு அங்கே வர வேண்டுமென்றால் ஃபேனை நகர்த்தியே ஆக வேண்டும். பக்கத்தில் ஃபேன் ஓடினாலும் விளக்கு ஆடிக்கொண்டே இருக்கும், ஷேடின் நிழல் சுவரில் அலையும்.

கேள்வி: அதே கம்பெனியின் ஆர்ட்டிசோக் விளக்கு எங்கள் 10 அடிக் கூரை ஹாலுக்குப் பொருந்துமா?

பதில்: 72 தகடுகளை 12 வரிசையில் அடுக்கிய அந்த விளக்கு, 1958இல் கோபன்ஹேகனின் லாங்கலினி உணவகத்துக்காகச் செய்தது. சிறிய அளவே 48 செ.மீ. விட்டம். நடமாடும் ஹாலில் 10 அடிக் கூரைக்குக் கீழே தாழ்வாக, அடைத்துக்கொண்டு தெரியும். மாடிப்படிக்கு நடுவில் இரண்டு தள உயரம் திறந்திருந்தால் யோசிக்கலாம். அப்போதும் தூசு துடைக்க எப்படி எட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.