நான் எழுதியதில் இருக்கும் பிழை எனக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

கேள்வி: “எதை எழுதினாலும் மூன்று தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். அனுப்பிய பிறகுதான் பிழை பளிச்சென்று கண்ணில் படுகிறது. இது கவனக்குறைவா, வேறு ஏதாவதா?”

கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். மெய்ப்புப் பார்ப்பதே, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை தேடித் திருத்துவதே, என் பிழைப்பு. எனக்கும் இது நடக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆண்டறிக்கையை நானே எழுதி, நானே மெய்ப்பும் பார்த்தேன். உள்ளே எண்பது பக்கம், ஓர் ஒற்றுப்பிழைகூட விடவில்லை. அட்டையில், கட்டைவிரல் உயர எழுத்தில், ‘பொதுக்குழுக் கூட்டம்’ என்று வர வேண்டியது ‘பொதுக்குழுக் கூடம்’ என்று அச்சாகிவிட்டது. ஒரேயொரு ‘ட்’ காணோம். அந்த அட்டையைக் குறைந்தது ஐந்து முறையாவது பார்த்திருப்பேன். கடைசியில், மடித்துக்கொண்டிருந்த பைண்டர்தான் கேட்டார்: “சார், இது கூட்டமா, கூடமா?”

ஏன் இப்படி? முதலில் கண் செய்யும் வேலையைப் பார்ப்போம். யாராவது படித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து அவர் கண்ணைக் கவனியுங்கள். வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போகாது. தத்தித் தத்திப் போகும். ஓரிடத்தில் கால் நொடி போல நிற்கும், பிறகு தாவும். தாவுகிற அந்த இமைப்பொழுதில் நமக்கு ஏறக்குறைய எதுவும் தெரிவதில்லை. நிற்கும்போதும் கொஞ்சம்தான் தெரிகிறது. 1975இல் ஜார்ஜ் மெக்கான்கி, கீத் ரேனர் என்ற இரு உளவியலாளர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். கண் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள சில எழுத்துகளை மட்டும் திரையில் ஒழுங்காக விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றையும் ‘எக்ஸ்’ எழுத்தாக மாற்றினார்கள். கண் நகர நகர அந்தச் சன்னலும் கூடவே நகரும். அது போதிய அகலத்தில் இருக்கும்வரை படிப்பவரின் வேகம் குறையவில்லை. இத்தகைய சோதனைகளிலிருந்து தெரியவந்த அளவு: ஆங்கிலம் படிப்பவருக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்து, வலப்பக்கம் 14, 15 எழுத்து. அவ்வளவே போதும். வலமிருந்து இடமாக எழுதப்படும் ஹீப்ருவைப் படிப்பவர்களுக்கு இது அப்படியே பக்கம் மாறிவிடுகிறது. ஆக, இந்தச் சன்னலின் வடிவம் கண்ணின் அமைப்பால் வருவதில்லை. அடுத்து எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பால் வருகிறது.

இந்த எதிர்பார்ப்புதான் விஷயமே. சின்னச் சின்ன, அடிக்கடி வரும் சொற்களில் பலவற்றைக் கண் தொடுவதே இல்லை, தாண்டிப் போய்விடும். ஆனாலும் படித்தது போலவே இருக்கும், ஏனென்றால் மனம் அதை நிரப்பிவிடுகிறது.

நிரப்புவதில் மனம் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த சோதனை காது சம்பந்தப்பட்டது. 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒலிப்பதிவு செய்த ஒரு வாக்கியத்திலிருந்து ஒரேயொரு ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் எல்லா ஒலியும் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார்கள். ஏதோ விடுபட்டிருக்கிறது என்ற அந்த ஒருவரும் வேறு ஒலியைச் சொன்னார்! இருமல் எந்த இடத்தில் வந்தது என்றும் அவர்களால் சரியாகக் காட்ட முடியவில்லை. இல்லாத ஒலியை அவர்கள் ஊகித்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்களுக்கு அது உண்மையாகவே கேட்டது.

என் ‘ட்’டும் அப்படித்தான் எனக்குத் ‘தெரிந்தது’.

அடுத்தவர் எழுத்தைப் படிக்கும்போது அடுத்து என்ன வரும் என்று பாதிதான் தெரியும். அதனால் அவ்வப்போது காகிதத்தைப் பார்த்தே ஆக வேண்டும். நம் எழுத்தில் முழுதும் தெரியும். சொல்ல வந்தது மனதில் சூடாக இருக்கிறது; கண் போய்ப் பார்ப்பதற்கு முன்பே பதில் தயார். கண் சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறது. அனுப்பிய பிறகு மட்டும் எப்படித் தெரிகிறது என்றால், அப்போது பெறுபவரின் கண்ணால் படிக்கிறோம் என்பது என் ஊகம். எழுதிய பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் வரிகளும் வேறு இடத்தில் உடைகின்றன. பக்கமே புதிதாகத் தெரிகிறது.

இந்த இடத்தில் யாராவது அந்தப் பழைய பார்வர்டு செய்தியைக் கொண்டுவருவார்கள்: முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவில் எப்படிக் கலைத்துப் போட்டாலும் தடையில்லாமல் படிக்கலாம், கேம்பிரிட்ஜ் ஆய்வு என்று. 2003 முதல் சுற்றுகிறது. அப்படியொரு ஆய்வு கேம்பிரிட்ஜில் நடக்கவில்லை. ‘தடையில்லாமல்’ என்பதும் பொய். 2006இல் அதே ரேனரும் மற்றவர்களும் அளந்து பார்த்தார்கள். நடு எழுத்துகளைக் கலைத்தால் வேகம் 11 விழுக்காடு குறைந்தது, கடைசி எழுத்துகளைக் கலைத்தால் 26, முதல் எழுத்துகளைக் கலைத்தால் 36. அது ஆங்கிலக் கணக்கு. ஆனால் என் அனுபவமும் அதையே சொல்கிறது: சொல்லின் தொடக்கத்தில் விழுந்த பிழை உடனே உறுத்தும். நடுவில் விழுந்த புள்ளி, ஒற்றெழுத்து, இரட்டைக்கொம்புக்குப் பதில் ஒற்றைக்கொம்பு எல்லாம் சத்தமில்லாமல் பதுங்கிவிடும். கூட்டத்தின் ‘ட்’ இருந்ததும் நட்டநடுவில்தான்.

அதனால் ‘இன்னும் கூர்ந்து படி’ என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கூர்ந்து பார்த்தாலும் அதே ஊகம்தான் முன்னால் போய் நிற்கும். அதைக் கெடுக்க வேண்டும். எழுத்துருவையும் பத்தியின் அகலத்தையும் மாற்றிப் படியுங்கள். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாருங்கள். ஒரு ராத்திரி ஆறப்போட முடிந்தால் இன்னும் நல்லது. போனை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பதும் உதவும். நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்று அதற்குத் தெரியாது, இருப்பதைத்தான் படிக்கும். ‘கூடம்’ என்று அது படித்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன். ஆனால் பறவையைப் ‘பரவை’ என்று எழுதியிருந்தால் காது காப்பாற்றாது, அங்கே கண்தான் வேண்டும். சொல்லைத் தனியாக மட்டும் பார்க்கும் பிழைதிருத்தும் மென்பொருளும் இரண்டிலும் வாயே திறக்காது, ஏனென்றால் கூடமும் சொல்தான், கடலைக் குறிக்கும் பரவையும் சொல்தான்.

அப்புறம் அந்த ஆண்டறிக்கை? அட்டையை மட்டும் மறுபடி அச்சடித்தோம். புது மெய்ப்பை நான் பார்க்கவில்லை. நேராக பைண்டர் கையில் கொடுத்துவிட்டேன்.