தாமதமாகக் கிளம்பிய விமானத்தை ஏன் விரட்டி ஓட்டுவதில்லை?

கேள்வி: நான் போன விமானம் 50 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. "முடிந்தவரை நேரத்தை ஈடுகட்டப் பார்க்கிறோம்" என்று விமானி அறிவித்தார். ஆனால் 40 நிமிடம் தாமதமாகத்தான் இறங்கினோம், அடுத்த விமானத்தைத் தவறவிட்டேன். எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுகிறார்களா? இனி டிக்கெட் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மெதுவாக ஓட்டவில்லை. வேகத்தைக் கூட்ட அங்கே அவ்வளவு இடம் இல்லை, அதுதான் விஷயம்.

ஏர்பஸ் 320 போன்ற விமானம் வழக்கமாக ஒலியின் வேகத்தில் 0.78 பங்கில் பறக்கும். அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பே 0.82தான். பறக்கும் உயரத்தில் 0.78 என்பது மணிக்குச் சுமார் 828 கிலோமீட்டர். 0.80க்கு ஏற்றினால் 850. 1,500 கிலோமீட்டர் தூரத்துக்கு இதனால் மிச்சமாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு! உங்களுக்குக் கிடைத்த பத்து நிமிடத்தில் பெரும்பங்கு வேறு வழியில் வந்திருக்கும். கால அட்டவணையிலேயே கொஞ்சம் கூடுதல் நேரம் சேர்த்து வைத்திருப்பார்கள். குறுக்கு வழியில் போக அனுமதி கிடைத்திருக்கலாம், இறங்கும் வரிசையில் காத்திருக்க வேண்டாமல் போயிருக்கலாம்.

சரி, அந்த 0.78ஐ யார் முடிவு செய்வது? புறப்படும் முன் விமானிகள் கணினியில் தட்டும் எண்களில் ஒன்று காஸ்ட் இண்டெக்ஸ். விமான நிறுவனம் கொடுக்கும் எண் அது. ஒரு நிமிடம் எத்தனை கிலோ எரிபொருளுக்குச் சமம் என்பதே அதன் பொருள். ஏர்பஸ்ஸில் அலகே அப்படித்தான். போயிங்கில் அலகு வேறு, தத்துவம் ஒன்று. 30 என்று போட்டால், 'ஒரு நிமிடம் மிச்சமாக 30 கிலோ வரை எரிக்கலாம், அதற்கு மேல் கட்டாது' என்று கணினிக்குச் சொல்கிறோம். எடை, உயரம், காற்று எல்லாவற்றையும் வைத்து அது வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். நேரத்தின் விலை என்பது ஊழியர் ஊதியம், பறக்கும் மணிக்கணக்கில் ஏறும் பராமரிப்புச் செலவு போன்றவை. எரிபொருள் விலை ஏறினால் இந்த எண் இறங்கும், விமானமும் கொஞ்சம் நிதானமாகப் போகும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பல நிறுவனங்கள் வேகத்தைக் குறைத்ததும் இதே கணக்கில்தான்.

எண் 0 என்றால் நேரத்துக்கு மதிப்பே இல்லை, கிலோமீட்டருக்கு ஆகக் குறைந்த எரிபொருள் போதும் என்று பொருள். ஆனால் அங்கேயே நிற்பது புத்திசாலித்தனம் அல்ல. ஒரு சதவீதம் எரிபொருள் கூடுதலாகக் கொடுத்தால் 3 முதல் 5 சதவீதம் வேகம் கிடைக்கும், நல்ல பேரம். அதற்கு மேல் போனால் பேரம் படியாது. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க இறக்கையின் மேற்புறத்தில் அதிர்ச்சி அலைகள் உருவாகி, காற்றின் இழுவை கிடுகிடுவென ஏறும். அப்போது நிமிடத்தை வாங்கக் கொடுக்கும் விலை 30 கிலோவில் நிற்காது. அதற்காக ரொம்ப மெதுவாகப் போனால் லாபமா என்றால் அதுவும் இல்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டியிருக்கும், அதற்கும் எரிபொருள் போகும்.

பலர் தலைகீழாக நினைக்கும் இடம் ஒன்று உண்டு. எதிர்க்காற்று அடித்தால் எரிபொருளை மிச்சப்படுத்த மெதுவாகப் போகலாமே என்பார்கள். எதிர்நீச்சல் போடுபவரை நினைத்துப் பாருங்கள். ஆறு ஓடும் வேகத்திலேயே நீந்தினால் கை ஓயுமே தவிர ஒரு அடி நகர மாட்டார். அந்தக் காற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம், எனவே கொஞ்சம் வேகத்தைக் கூட்டிக் கடப்பதே மலிவு. பின்காற்று என்றால் நேர்மாறு: காற்றே தள்ளிக்கொண்டு போகட்டும் என்று குறைத்துக்கொள்ளலாம்.

விமானி இந்த எண்ணை மாற்றலாம். நிறைய பேர் அடுத்த விமானத்தைத் தவறவிடுவார்கள், ஊழியர்களின் பணி நேரம் முடியப்போகிறது என்றால் நிறுவனமே ஏற்றச் சொல்லும். முன்கூட்டியே போய்ச் சேர்ந்து, நிற்க இடமில்லாமல் வட்டமடிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் வழியிலேயே குறைப்பார்கள். நீண்ட பயணத்தில் கொஞ்சம் பலன் உண்டு: 12 மணி நேரம் பறக்கும் பெரிய விமானத்தில் (அதன் உச்ச வரம்பு 0.82ஐவிட அதிகம்) 0.84ஐ 0.85 ஆக்கினால் எட்டு நிமிடம்போல மிச்சம்.

அப்புறம் உங்கள் டிக்கெட். வானத்தில் நேரம் ஈடுகட்டப்படும் என்று நம்பி இடைவெளியைக் குறைக்காதீர்கள். முடிந்தால் இரண்டு பயணத்தையும் ஒரே முன்பதிவில் போடுங்கள். அப்போதுதான் நீங்கள் தவறவிடுவது நிறுவனத்தின் கணக்கில் ஒரு செலவாக ஏறும். தனித்தனியாக வாங்கினால் உங்களுக்கு இன்னொரு விமானம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தாமதமானால் பணிப்பெண்ணிடம் பறக்கும்போதே சொல்லிவிடுங்கள். கதவுக்கு அருகே இடம் மாற்றிக் கொடுத்தால், இறங்கும்போது மிச்சமாகும் நிமிடங்கள் இன்ஜினால் வாங்கக்கூடியதைவிட அதிகமாகவே இருக்கும்.